பேஸ் கிடாருக்குப் புது பிக்கப் வேண்டுமா?

இளையராஜா பாட்டு ஒன்றை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். அதையே ஹெட்போனில் கேளுங்கள். இரண்டாவது முறை, பாட்டுக்கு அடியில் இன்னொருவர் தனியாகப் பாடிக்கொண்டே நடப்பது கேட்கும். அதுதான் பேஸ் கிடார்.

வார நாள்களில் டிஜிட்டல் டெஸ்க், ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் என ஓடுகிறது என் வாழ்க்கை. கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜாஸ் பேஸ் வகை. மண்டபத்தில் சீரியல் லைட் எரிந்தாலே 'ங்ங்ங்' என்று இரைச்சல். குழுவை நடத்தும் அண்ணன் பொறுமையிழந்துவிட்டார். "தம்பி, அடுத்த கச்சேரிக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா கீபோர்டுலயே பேஸை வெச்சுக்கலாம்!"

நண்பனின் ப்ரிசிஷன் பேஸ் வகையைக் கடன் வாங்கி, ஒரே ஆம்ப்பில் ஒரே வரியை இரண்டிலும் வாசித்துப் பார்த்தேன். அவனுடையதில் இரைச்சலே இல்லை. டிரம்ஸோடு ஒட்டிக்கொள்ளும் கனத்த சத்தம். என்னுடையதில், பின் பிக்கப்பை மட்டும் திறந்தால் மூக்கால் பாடுவதுபோல ஒரு கூர்மை.

காரணம் எளிது. பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதே சுருள், அக்கம்பக்க மின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். 1957-ல் ஃபெண்டர் நிறுவனம் ப்ரிசிஷனின் பிக்கப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும்படி அமைத்தது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களையும் முழுதாகத் திறந்தால்தான் அந்த வசதி. ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பிவிடும்.

அதே இடத்தில் பொருந்தும், இரைச்சல் இல்லாத பிக்கப்களும் கிடைக்கின்றன. ஆனால் சுருள் மாறினால் குரலும் மாறலாம்.

முதலில் ஒரு சோதனை. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால், கவசமும் எர்த் இணைப்பும்தான் பிரச்னை. நிற்கும் திசையைத் திருப்பினால் கூடிக் குறைந்தால், சுருள்தான் காரணம். என் கிடாரில் தொட்டதுமே பெரும்பகுதி அடங்கியது. எனவே இந்த வாரம் உள்பள்ளத்தில் காப்பர் டேப் ஒட்டி, எர்த் வயரைச் சரிபார்க்கப்போகிறேன். மிச்ச இரைச்சலுக்கு, இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வாசிப்பேன்.

மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரே பிக்கப் உள்ள ப்ரிசிஷனை ஒற்றை விரலால் மீட்டியே பெயர் வாங்கினார். பிக்கப் மாற்றும் பணம் பத்திரமாக இருக்கட்டும். இரைச்சலை விரட்டப்போய், எனக்குப் பிடித்த அந்த மூக்குக் குரலைத் தொலைக்க மனமில்லை.