நிண்டு கூட்டிறதா, இருந்து கூட்டிறதா?

"மிஸ், இதில எது நல்லது?" என்று கேட்டபடி அக்கா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் இரண்டு படங்கள். ஒன்று, தடி போல நிமிர்ந்து நிற்கும் வக்கியூம் கிளீனர். மற்றது, நிலத்தில் சில்லில் உருளும் ஒரு பெட்டி; அதிலிருந்து நீளும் குழாய். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தம்பி வைபரில் அனுப்பியிருந்தார். "நிக்கிறதோ, உருளுறதோ எண்டு சொல்லுங்கோ அக்கா, வாங்கி அனுப்பிவிடுறன்" என்று அவருடைய குரலும் அதில் இருந்தது.

ஸ்கந்தபுரத்தில் நான் அடிக்கடி போய்வரும் வீடுகளில் அது ஒன்று. அக்கா, அவருடைய தாய், உயர்தரம் படிக்கும் மகள் என மூன்று பெண்கள் மட்டும் இருக்கும் வீடு. 2009 மார்ச்சில் மாத்தளனில் அக்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதுகில் ஷெல் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. எடுக்கப்போனால் இன்னும் மோசமாகலாம் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மகள் அப்போது கைக்குழந்தை. கணவர் திரும்பி வரவில்லை.

உண்மையைச் சொன்னால், படங்களைப் பார்த்ததும் எனக்குள் சிரிப்புத்தான் வந்தது. கிணற்றில் கப்பியால் தண்ணீர் அள்ளும் வீடு. வெளியே கிரவல் றோட்டு. சோளகம் பெயர்ந்தால் புழுதி சோற்றுக்குள்ளும் விழும். இதற்குள் வக்கியூம் கிளீனரா என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறக்கும் உரிமை எனக்கு இல்லை. அதற்கான காரணத்தை இங்கே எழுதத்தான் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்தேன். மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களுக்கு உதவி வழங்குவதற்காக வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்பினோம். ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி உண்டு. "வீட்டு வேலைகளைத் தானே செய்யக்கூடியவரா?" என்பது அதில் ஒரு கேள்வி. நான் நிமிர்ந்து முற்றத்தைப் பார்த்தேன். தலை வாரிவிட்டதுபோல ஈர்க்குக் கீறல்கள் படலையடிவரை வரிசையாக ஓடின. ஒரு சருகு இல்லை. "ஆம்" என்று போட்டேன். அந்த ஒரு "ஆம்" குடும்பத்தின் புள்ளியைக் குறைத்துவிட்டது. பட்டியலில் அவர்களுடைய பெயர் வரவில்லை.

அதன்பின் ஒருநாள் அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் விடியற்காலை ஐந்தரைக்கே அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். பொய்க்கால் குசினிச் சுவரோடு சாத்தியிருந்தது. அக்கா முற்றத்தில் ஒரு சாக்கைப் போட்டு அதில் இருந்தபடி விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். எட்டக்கூடிய இடத்தைக் கூட்டுவார். பிறகு இரண்டு கையையும் ஊன்றித் தன்னைப் பின்னுக்கு இழுப்பார், சாக்கையும் இழுப்பார், மறுபடி கூட்டுவார். படலையிலிருந்து வாசற்படிவரை அப்படித்தான். நான் பார்த்து மெச்சிய கீறல்கள் அப்படி வந்தவை.

"ஏன் அக்கா, காலைப் போட்டுக்கொண்டு கூட்டலாம்தானே?"

"காலைப் போட்டுக் குனிஞ்சா முதுகு பிடிச்சிடும். இருந்து கூட்டினா நோகாது."

"அப்ப ஏன் கூட்டுறீங்கள்? பிள்ளை எழும்பினாப் பிறகு கூட்டட்டுமே."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூட்டாத முத்தத்தைப் பாத்தா நீங்கள் என்ன நினைப்பியள் மிஸ்?" என்று கேட்டார்.

அந்தப் படிவத்தைத் திருத்தும்படி கடிதம் எழுதினேன். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறை வரவேயில்லை.

ஆகவேதான் அவர் தொலைபேசியை நீட்டியபோது, "ரெண்டு நாள் தாங்கோ அக்கா, பாத்துச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆன் ஓக்லி என்ற ஆங்கிலேயப் பெண் 1974இல் எழுதிய நூலைப் பற்றிப் படித்திருந்தேன். இலண்டனில் 40 இல்லத்தரசிகளை நேர்கண்டு, வீட்டுவேலையும் ஒரு வேலைதான், அதற்கும் நேரமும் களைப்பும் உண்டு என்று எழுதியவர் அவர். பரீட்சைக்கு நன்றாகவே எழுதினேன். ஆனால் கூட்டிய முற்றத்தைப் பார்த்து "ஆம்" போட்டதும் நான்தான். அமெரிக்கரான ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் இன்னொன்றைக் காட்டினார்: இயந்திரங்கள் வந்தபின் வீட்டுப் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. வருடத்தில் ஒருமுறை கம்பளத்தைத் தூக்கி வெளியே தட்டிய வீடுகளில், இயந்திரம் வந்தபின் கிழமைக்குக் கிழமை துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. முன்பு கை கொடுத்த ஆண்களும் பிள்ளைகளும் "மெஷின் இருக்குத்தானே" என்று விலகிக்கொண்டார்கள். இதை அக்காவின் மகளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

இந்த இயந்திரத்தின் கதையில் ஒரு நோயாளியும் வருகிறார். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவர் ஒரு கடைத்தொகுதியில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். அவருக்குத் தொய்வு. தூசு கிளம்பினால் மூச்சு முட்டும். 1907இல் ஒரு மின்விசிறி மோட்டரையும் விளக்குமாற்றுத் தடியையும் தலையணை உறையையும் சேர்த்துக் கட்டி, தூசை உறிஞ்சும் கருவியொன்றைச் செய்துகொண்டார். மறுவருடம் அதன் உரிமையை ஹூவர் குடும்பம் வாங்கியது. நின்று தள்ளும் வகை இப்படித்தான் பரவியது. உருளும் வகையைச் சுவீடனின் எலக்ரோலக்ஸ் 1921இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நெஞ்சுக்கு முடியாத ஒரு கூலித்தொழிலாளி தனக்காகச் செய்துகொண்ட சாமான் இது என்று தெரிந்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் தாய்க்கும் தொய்வுதான். மகள் தும்புத்தடியால் வீட்டைக் கூட்டும்போதெல்லாம் அவர் எழும்பிப்போய் வேம்படியில் நிற்பார்.

குனிவதைப் பற்றியும் தேடிப் படித்தேன். சுவீடன் வைத்தியர் அல்ப் நாகெம்சன் முள்ளந்தண்டு வட்டுகளில் ஏற்படும் அழுத்தத்தை அளந்தவர். நிமிர்ந்து நிற்கும்போது அது 100 என்றால், முன்னுக்குக் குனிந்து நிற்கும்போது ஏறக்குறைய 150. கையில் பாரமும் இருந்தால் இன்னும் கூடும். கலிபோர்னியாவில் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவந்த கட்டைப்பிடி மண்வெட்டியை 1975இல் தடை செய்தார்கள். நாள் முழுவதும் குனிந்து கொத்திப் பலருடைய முதுகு கெட்டுப்போனதுதான் காரணம். எங்கள் கட்டை விளக்குமாற்றை யார் தடை செய்யப்போகிறார்கள்? வீட்டுக்குள் தும்புத்தடிக்கு நீளத் தடி போட்டுவிட்டோம். முற்றத்து விளக்குமாற்றுக்குப் பல வீடுகளில் இன்னமும் தடி இல்லை. தடி போட்டதை "சோம்பேறி விளக்குமாறு" என்று என் அம்மம்மாவே சொல்லியிருக்கிறா.

இனி இரண்டு வகையையும் பார்ப்போம். நிற்கும் வகையில் மோட்டர், தூசுப்பை, தூரிகை எல்லாம் ஒரே தடியில் இருக்கும். குனியத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் ஐந்து கிலோவுக்கு மேல் பாரம். வீடு முழுவதும் அதன் பின்னால் நடக்க வேண்டும். அதற்குள் சுழலும் தூரிகை கம்பளத்துக்கென்று செய்தது. கம்பளம் விரித்த அமெரிக்க, பிரித்தானிய வீடுகளில் இந்த வகை பரவியதும் அதனால்தான். வெறும் சீமெந்து நிலத்தில் அந்தத் தூரிகை மணலைச் சிதறடிக்கும். கட்டிலுக்குக் கீழே போவதும் கடினம். அக்காவுக்கு அதில் ஓர் ஆசை இருந்தது. "அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம்தானே மிஸ், ஊன்றுகோல் மாதிரி?" என்றார். அதுதான் கூடாது. அதற்குச் சில்லு உண்டு. சாய்ந்தால் அது முன்னுக்கு ஓடும், ஆள் விழுவார்.

உருளும் வகையில் பாரம் நிலத்தில் கிடக்கிறது. கையில் இருப்பது குழாய் மட்டும்தான். தட்டையான வாயைப் பூட்டினால் சீமெந்துக்கும் மாபிளுக்கும் சரி. கட்டிலுக்கடியிலும் போகும். ஆனால் பின்னால் வயரும் குழாயும் பாம்பு போல இழுபடும். பொய்க்கால் போட்டவருக்குக் காலடியில் என்ன கிடக்கிறது என்று பாதத்தால் தெரியாது. தடக்கி விழுந்தால் மற்றக் காலுக்கும் ஆபத்து. வாசற்படிகளில் பெட்டியைத் தூக்கிவைக்கவும் ஒருவர் வேண்டும்.

ரொறன்ரோவில் வாங்கி அனுப்புவது என்ற பேச்சை முதலில் நிறுத்தினேன். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. அங்கத்தைய இயந்திரத்தை இங்கே நேரே செருகினால் எரிந்துவிடும். காசாக அனுப்பச் சொன்னோம். வீட்டு வயரிங்கையும் பார்க்க வேண்டியிருந்தது. 1400 வாட்ஸ் இயந்திரம் ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும். அந்த வீட்டில் இருந்தவை எல்லாம் 5 அம்பியர் உருண்டைப் பிளக்குகள். 13 அம்பியர் பிளக் ஒன்றைத் தனி வயரில் போட்டுத்தர ஊர்த் தம்பி ஒருவர் வந்தார். பில்லைப் பற்றி அக்காவின் தாய் கவலைப்பட்டார். கிழமைக்கு இரண்டு தரம், இருபது நிமிடம் என்றால் மாதத்துக்கு நான்கு யூனிற்றளவில்தான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பிறகு ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனோம். கடைக்காரத் தம்பி வாட்ஸைப் பற்றியே பேசினார். "இது 2000 வாட்ஸ் அக்கா, பயங்கரப் பவர்." வாட்ஸ் என்பது அது குடிக்கும் மின்சாரத்தின் கணக்கு. தூசை எவ்வளவு இழுக்கிறது என்பதன் கணக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017இலிருந்து வீட்டு வக்கியூம் கிளீனர்களுக்கு 900 வாட்ஸ் என்று எல்லை வைத்திருக்கிறது. அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. நிற்கும் வகை அந்தக் கடையில் இருக்கவே இல்லை. பற்றரியில் இயங்கும் மெல்லிய தடி ஒன்று இருந்தது. தூக்க இலேசு, வயர் இல்லை. அக்காவுக்கு அது பிடித்துப்போனது. "பற்றரி பழுதானா எங்க வாங்கலாம்?" என்று கேட்டேன். கொழும்பில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்போது அக்கா, "தம்பி, ஒரு கதிரை தாறீங்களோ?" என்றார். களைத்துவிட்டார் என்று நினைத்து அவர் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தார். கூடவே தண்ணீரும் வந்தது. அக்கா தண்ணீரை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, கதிரையில் இருந்தபடி உருளும் பெட்டியின் குழாயை எடுத்தார். "இனிப் போடுங்கோ." இயந்திரம் இரைந்தது. குழாயை நீட்டி, மடக்கி, இடமும் வலமும் தள்ளிப் பார்த்தார். கதிரையைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடியும் தள்ளினார். கடைக்குள் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சாக்கில் இருந்து முற்றம் கூட்டிய அதே முறைதான், இப்போது கதிரையில்.

"நிண்டு கூட்டிறதுக்கு எனக்கு ஒண்டும் வேண்டாம் மிஸ். இருந்து கூட்டக்கூடியது இதுதான்" என்றார். இரண்டு நாள் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

துணிப்பை உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். பை இல்லாத வகையில் டப்பாவைத் தட்டும்போது தூசு முகத்தில் அடிக்கும். தொய்வுக்காரர் உள்ள வீட்டுக்கு அது சரிவராது. துணிப்பையையும் மகள்தான் வெளியே, காற்றுப் பார்த்து, வாயில் துணி கட்டிக்கொண்டு தட்டுகிறாள். அடுப்புச் சாம்பலையும் ஈரத்தையும் உறிஞ்ச விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாம்பலுக்குள் ஒரு தணல் இருந்தாலும் பை பற்றிக்கொள்ளும். இயந்திரம் ஓடும்போது மகள் பெட்டியையும் வயரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் பேச்சு. முதற் சனிக்கிழமை ஆச்சி, "முதல்ல ஒருக்காக் கூட்டிப்போட்டுப் பிறகு மெஷினைப் போடுங்கோ" என்று நின்றார். அவரைச் சமாளிக்க ஒரு மாதம் பிடித்தது.

முற்றம் வேறு கதை. மணலுக்கும் வேப்பம் சருகுக்கும் எந்த வக்கியூம் கிளீனரும் உதவாது. விளக்குமாற்றுக்கு ஐந்தடித் தடி ஒன்று கட்டிக் கொடுத்தோம். ஒரு கிழமை பாவித்துவிட்டு, "பாரமெல்லாம் மற்றக் காலில விழுது" என்று அக்கா அதை மகளிடம் கொடுத்துவிட்டார். ரியூசன் இல்லாத நாட்களில் அவள் கூட்டுகிறாள்.

போன கிழமை நான் போனபோது ஈர்க்குக் கீறல் வாசற்படியிலிருந்து பாதி முற்றம்வரைதான் இருந்தது. மீதியில் சருகு பரந்து கிடந்தது. அக்கா விறாந்தையில் பொய்க்காலோடு இருந்தார்.

"இண்டைக்கு இவ்வளவுதான் மிஸ்" என்றார். பிறகு, தேத்தண்ணி வைக்கும்படி மகளைக் கூப்பிட்டார்.