கழற்றிய கவர்கள்

2012இல் தண்ணீரூற்றுக்குத் திரும்பியபோது, புத்தளத்தில் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றையும் கொண்டுவந்தேன். எஞ்சினின் இரு பக்கமும் பளபளக்கும் கவர்கள். முந்திய சொந்தக்காரர் அழகுக்காகப் பூட்டியவை. நானும் தினமும் துடைத்து வைத்திருந்தேன்.

முள்ளியவளைக்கு வருவதற்குள்ளேயே எஞ்சின் கொதித்தது. கராஜ்கார ஐயா குந்தியிருந்து பார்த்தார்.

“முதலில இதைக் கழட்டுவம் தம்பி. இது காத்தில ஆறுற எஞ்சின். மூடி வைச்சா எப்பிடி ஆறும்?”

துருப்பிடித்த ஸ்குரூக்களை மெல்லக் கழற்றினார். உள்ளே, கஸ்கெட்டில் கசிந்த ஒயிலும் செம்புழுதியும் கட்டியாகிச் செட்டைகளின் இடைவெளியை அடைத்திருந்தன. வெளியே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சுரண்டிக்கொண்டே பொருளாதாரத் தடைக் காலத்தைச் சொன்னார். பெற்றோலில் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய நாட்கள். பிளக்கில் கரி பிடிக்கும். வழியில் நின்று துடைக்க வேண்டும்.

“நீர் அப்ப எங்க?”

“1990 ஒக்டோபரிலேயே எங்களை அனுப்பிவிட்டார்களே. வாப்பாவின் சைக்கிள்கூட வளவிலேயே நின்றது.”

அவருடைய கை நின்றது.

“தெரியும் தம்பி. பாத்துக்கொண்டுதான் நிண்டனாங்கள். ஒண்டும் சொல்லேல்லை.”

திரும்பி வந்த நாள்முதல் எல்லோரோடும் சிரித்துப் பேசியிருக்கிறேன். இந்தப் பேச்சை நானும் எடுத்ததில்லை, எவரும் எடுத்ததில்லை.

கவர்களைச் சாக்கில் சுற்றி நீட்டினார். வேண்டாமென்றேன். அஸருக்குப் பாங்கு சொல்லும்போது பள்ளிவாசலடிக்கு வந்துவிட்டேன். வழியில் எஞ்சின் கொதிக்கவில்லை.