இடப்பக்கம் மட்டும் பார்க்கிற பிள்ளை

நீர்வேலியில் இரண்டு மாத ஊசி போடும் கிளினிக். பருத்தித்துறை வீதியால் வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்டர் ஒன்று இரைந்துகொண்டு போகிறது. அதற்கும் மேலால் உள்ளே பிள்ளைகளின் அழுகை.

ஒரு அம்மம்மாவின் மடியில் இருப்பவன் மட்டும் அழவில்லை. வலக்காது வலத்தோளை நோக்கிச் சரிந்திருக்கிறது. நாடி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. வலப்பக்கம் நின்று தாய் கூப்பிடுகிறாள். கண் வருகிறது, முகம் வரவில்லை.

"இவற்ற தகப்பனும் இப்பிடித்தான் சரிச்சுக்கொண்டு பாப்பார்," என்று அம்மம்மா சிரிக்கிறார். தாய் சிரிக்கவில்லை.

மருத்துவமாது பிள்ளையை வாங்கிக் கிடத்துகிறார். காதின் பின்னிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசையில் ஊர்ந்த விரல் ஓரிடத்தில் நிற்கிறது. புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு. பின்தலையைத் தடவுகிறார், இடப்பக்கம் கொஞ்சம் தட்டையாகிவிட்டது.

"நோவெண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரிவராதே மிஸ்?"

"உருவக்கூடாது அம்மா. தசை கட்டையாய் இருக்கு. மெல்ல மெல்லத்தான் நீளும்."

டொக்டர் வருகிறார். கழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தொடைகளையும் மடக்கி விரிக்கிறார். கழுத்துக்கு வந்தால் காலைப் பார்க்கிறாவே என்று அம்மம்மாவின் முகம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இப்படித் தசை இறுகிய பிள்ளைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் விலகியிருக்கும். தவறவிட்டால் நடக்கத் தொடங்கியபிறகே தெரியும். இவனுக்கு மூட்டில் குறையில்லை. யாழ். போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபிக்குத் துண்டு எழுதுகிறார்.

"ஒப்பரேசன் செய்ய வேணுமோ டொக்டர்?"

"இப்பவே தொடங்கினால் அநேகமாய்த் தேவைப்படாது. ஒரு வயசு கடந்தும் நீளாட்டித்தான் யோசிப்பம்."

மருத்துவமாது ஒரு கையால் வலத்தோளை அமர்த்தி, மறுகையால் தலையை இடத்தோள் பக்கம் சாய்க்கிறார். பிறகு நாடியை வலத்தோளுக்குத் திருப்புகிறார். பிள்ளை முனகியதும் கை நிற்கிறது. "அங்க காட்டித் தருவினம், அதுபோலச் செய்யுங்கோ. முழிச்சிருக்கேக்க குப்புறக் கிடத்தி, பக்கத்தில இருங்கோ. கிலுகிலுப்பையை வலப்பக்கம் ஆட்டுங்கோ. நெடுநேரம் ஏணையில விடாதேங்கோ."

தாய் செய்து பார்க்கிறாள். கை நடுங்கினாலும் முறை பிழைக்கவில்லை.

மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியே போதும். உங்கள் பிள்ளை ஒரே பக்கம் பார்க்கிறதென்றால் அடுத்த ஊசி நாள்வரை காத்திராதீர்கள், மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். கழுத்து திடீரெனச் சரிந்து, காய்ச்சலோ வாந்தியோ கூட இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.