இக்குத்தா வாயிலில் ஒரு வெள்ளிக்கிழமை

சென்ற கோடை விடுமுறையில் ஜப்பானின் கோபே நகரில் எம் தம்பியின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். முத்து வணிகத்திற்குப் பேர்பெற்ற நகரம் அது. வகுப்பறையில் கொற்கை முத்தைப் பற்றிப் பேசியே காலங்கழித்த எமக்கு அதன் கடைத்தெருவில் கால் நகரவில்லை என்பது வேறு கதை.

வெள்ளியன்று, 1935இல் திறக்கப்பெற்ற கோபே பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுதுவிட்டு இறங்கி வருகையில் செந்நிற வாயிலொன்று எதிர்ப்பட்டது. இக்குத்தா என்னும் ஷிண்டோக் கோயில். "பல ஆண்டுகளாக இவ்வழிதான் போகிறேன் காக்கா, உள்ளே போனதில்லை" என்றான் தம்பி. காண்பது வேறு, வணங்குவது வேறு என்று கூறி அழைத்துச் சென்றோம்.

முதலில் நீர்த்தொட்டி. நீண்ட காம்புடைய அகப்பையால் மொண்டு இடக்கை, வலக்கை, பின்னர் வாய் எனக் கழுவுகின்றனர். உளூவின் நினைவு வராமல் இருக்குமா? எமக்கோ வலக்கையே முதல். மண்டபத்தின் முன் நாணயமிட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிகின்றனர். யாம் ஓரமாக நின்றோம்.

ஜப்பானியர் புத்தாண்டில் வாயிலில் பைன் மரக்கிளை வைப்பது வழக்கம். இக்கோயிலில் மட்டும் பைனுக்கு இடமில்லை. முன்பு மலைமேல் இருந்த கோயிலை 799ஆம் ஆண்டு வெள்ளத்தில் பைன் மரங்கள் காக்கத் தவறினவாம்; ஆகவே சுகி என்னும் மரத்தின் கிளைகளையே குவித்து வைக்கின்றனர். ஒரு மரத்தோடு ஆயிரத்திருநூறு ஆண்டுப் பிணக்கு! யாமும் தம்பியும் நகைத்தோம்.

1995 சனவரி 17 விடியலில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இக்கோயிலின் வழிபாட்டு மண்டபம் இடிந்து சாய்ந்தது; பின்னர் மீண்டும் எழுப்பினர். "நம் பள்ளி அப்படியே நின்றது காக்கா" என்றான் தம்பி. அதைக் கேட்டு எம் நெஞ்சும் நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்?

அவ்வேளையில் மூதாட்டி ஒருவர் வந்து குனிந்து கைதட்டினார். அந்த விடியலை நடுவயதில் கண்டிருக்கக்கூடியவர். அந்நடுக்கத்தில் மாண்டோர் 6,434 பேர். இவர் வீடு நின்றதோ, விழுந்ததோ. வீட்டார் எழுந்து வந்தனரோ, இல்லையோ. எம் நிமிர்வு சென்ற இடம் தெரியவில்லை. தம்பியும் தலைகவிழ்ந்தான்.

திரும்புகையில் மூதாட்டி எம் தொப்பியைக் கண்டு நின்றார். பள்ளிவாசல் இருக்கும் மேட்டுத்திசையைக் கைகாட்டி ஏதோ வினவினார்.

"இன்று உங்கள் தொழுகை நாளல்லவா என்று கேட்கிறார் காக்கா."

ஆமென்று சொல்லச் சொன்னோம்.