திறக்க ஒரு பதிகம், மூட ஒரு பாட்டு

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் வேதாரண்யம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பஸ்ஸில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வந்தால் மூன்று மணி நேரம் ஆகும். சுகோய்-30 எம்கேஐ விமானத்துக்கு ஆறேழு நிமிடம் போதும். 2020 ஜனவரி 20ஆம் தேதி, தஞ்சாவூரில் 222ஆம் ஸ்குவாட்ரன் மறுபடியும் உயிர்பெற்றது. பெயர் ‘டைகர்ஷார்க்ஸ்’. தென்னிந்தியாவின் முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன் இதுதான். வயிற்றுக்கு அடியில் இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்துகொண்டு கடலுக்கு மேலே போகக்கூடிய விமானங்கள் இவை.

அந்த 222க்கு ரஷ்யத் தொடர்பு புதிதில்லை. 1969இல் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கப்பட்டது. 1985இல் மிக்-27க்கு மாறியது. 2011இல் கலைக்கப்பட்டு, ஒன்பது வருடம் வெறும் எண்ணாகக் காகிதத்தில் இருந்தது. மிக்-27 என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் பெரியப்பா அகஸ்தியன்பள்ளியில் உப்பளம் வைத்திருப்பவர். விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒருநாள், மேலே கேட்ட சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது நம்ம பிளேனா, ரஷ்யாக்காரன் பிளேனா?” என்றார். “ரெண்டும்தான் பெரியப்பா” என்றேன். “அதெப்படி ரெண்டும்? பத்திரம் யாரு பேருல இருக்கு?”

நான் பெங்களூரில் கோட் எழுதிப் பிழைப்பவன். பள்ளியில் படித்த காலத்திலிருந்து போர் விமானப் பைத்தியம். எந்த விமானத்துக்கு எத்தனை கிலோநியூட்டன் உந்துவிசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படி ஒரு கேள்வியை மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு போர் விமானத்தின் பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

சுகோய்-30 வாங்க இந்தியா ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது 1996 நவம்பரில். அப்போதே ஒரு விஷயத்தில் நம்மவர்கள் தெளிவாக இருந்தார்கள். உடம்பும் இன்ஜினும் ரஷ்யாவிடமிருந்து வரட்டும். மூளையில் நம் பங்கு இருக்க வேண்டும். பிரான்ஸ், இஸ்ரேல் கருவிகளோடு இந்தியக் கருவிகளும் உள்ளே போயின. மிஷன் கம்ப்யூட்டர், ரேடார் கம்ப்யூட்டர், எதிரி ரேடார் நம்மைப் பார்க்கிறது என்று எச்சரிக்கும் கருவி ஆகியவற்றை டிஆர்டிஓ செய்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வெற்றிவேல்’. ஆம், முருகன் கையில் இருக்கும் அதே வேல்தான். ரஷ்ய விமானம் ஒன்றின் மூளைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தது யார் என்று எனக்கு இன்றும் ஆசையாக யோசிக்கத் தோன்றும்.

மிஷன் கம்ப்யூட்டர் ஏன் முக்கியம்? ஏவுகணையை இறக்கைக்கடியில் மாட்டுவது வெல்டிங் வேலை மாதிரி. சிரமம்தான், ஆனால் செய்துவிடலாம். மாட்டிய ஏவுகணையோடு விமானம் பேச வேண்டும். நான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு வேகம், இலக்கு எங்கே, இப்போது விடலாமா என்பதெல்லாம் நொடிக்குப் பலமுறை இரு பக்கமும் போய்வர வேண்டும். வெண்டர் கொடுத்த மூடிய லைப்ரரியோடு மாரடித்தவர்களுக்கு இது புரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிரமோஸை சுகோயில் ஏற்றியபோது அப்படிக் காத்திருக்க வேண்டி வரவில்லை. நாசிக்கில் ஹெச்ஏஎல் விமானத்தின் உடலை வலுப்படுத்தி, மின்சார, இயந்திர மாற்றங்களைச் செய்தது. மென்பொருளை எழுதியது விமானப்படையின் சொந்தப் பொறியாளர்கள். 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடலில் ஓர் இலக்கைத் தாக்கி முதல் சோதனை வெற்றி பெற்றது. ஒலியைப் போல 2.8 மடங்கு வேகத்தில் போகும் அந்த ஏவுகணையே ஒரு கூட்டுப் பட்டாதான். 1998 பிப்ரவரி 12 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியத் தரப்பில் கையெழுத்திட்டவர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். அந்த நிறுவனத்தை முதலில் நடத்தியவர் நாகர்கோவில்காரரான சிவதாணு பிள்ளை. இந்தியாவுக்கு 50.5 சதவீதம், ரஷ்யாவுக்கு 49.5. பெயரிலும் பிரம்மபுத்திரா பாதி, மாஸ்க்வா நதி பாதி.

ஆக, பெரியப்பாவின் கேள்விக்கு சுகோய்-30 விஷயத்தில் ஓரளவு பதில் சொல்லிவிடலாம். நிலம் அவர்களுடையது, வீடு இருவரும் சேர்ந்து கட்டியது, பூட்டுச்சாவி ஒன்று நம்மிடமும் இருக்கிறது. சிக்கல் அடுத்த தலைமுறையில்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வேதங்கள் பூசை செய்துவிட்டு அடைத்துப்போன கதவு. ஊரார் பக்கவாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் வந்தபோது அப்பர் திறக்கப் பாடினார். கதவு லேசில் திறக்கவில்லை. ஒரு பதிகம் முழுக்கப் பாடவேண்டியிருந்தது. அப்புறம் சம்பந்தர் மூடப் பாடினார். முதல் பாட்டிலேயே கதவு சாத்திக்கொண்டது. சின்ன வயதில் இதை இரண்டு பேருக்குள் யார் பெரியவர் என்கிற கதையாகக் கேட்டேன். இப்போது பொறியாளனாகக் கேட்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. திறப்பது எப்போதும் நெடிய வேலை. மூடுவதற்கு ஒரு பாட்டு போதும்.

2007 அக்டோபரில் இந்தியாவும் ரஷ்யாவும் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத்தைச் சேர்ந்து உருவாக்க ஒப்புக்கொண்டன. அடிப்படை, இன்று எஸ்யு-57 என்று அழைக்கப்படும் டி-50. அது 2010 ஜனவரி 29 அன்று ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள கொம்சொமோல்ஸ்க் நகரில் முதன்முதலாகப் பறந்தது. அதே வருட டிசம்பரில் முதற்கட்ட வடிவமைப்புக்கு 29.5 கோடி டாலரில் ஒப்பந்தம் போட்டோம். தேதிகளைப் பாருங்கள்: விமானம் ஜனவரியில் பறந்துவிட்டது, நம் வடிவமைப்பு ஒப்பந்தம் டிசம்பரில். வீடு எழும்பிய பிறகு வரைபடத்தில் பங்கு கேட்டவர்கள் நாம்.

ஐந்தாம் தலைமுறையில் இந்தத் தாமதம் ஏன் பெரிய விஷயம்? ரேடாருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் ஆயுதங்களை வெளியே தொங்கவிட முடியாது; ஒவ்வொரு ஏவுகணையும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். அதனால் எஸ்யு-57 தன் ஆயுதங்களை வயிற்று அறைகளுக்குள் வைத்துக்கொள்கிறது. ஆயுதத்தின் உருவத்தையே அந்த அறைதான் தீர்மானிக்கிறது. கேஎச்-69 என்கிற குரூஸ் ஏவுகணை அந்த அறையில் அடங்குகிற மாதிரியே வடிக்கப்பட்டது. நம் பிரமோஸ் அதற்குள் நுழையவே நுழையாது. ஏறக்குறைய பாதி எடையில் ‘பிரமோஸ்-என்ஜி’ என்று வேறொன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. சுகோய்-30இல் பின்னால் வந்து ஒட்டவைக்க இடம் இருந்தது. இங்கே விமானமும் ஆயுதமும் கோடும் ஒரே கருவில் வளர்கின்றன. முதல் கோடு வரையும்போது பக்கத்தில் உட்காராதவனுக்கு அப்புறம் திண்ணையில்தான் இடம்.

எந்த வேலை யாருக்கு, எவ்வளவு தொழில்நுட்பம் கைமாறும், யார் எவ்வளவு செலவழிப்பது என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. இன்ஜின் பற்றியும் ரேடாருக்குத் தெரியாத தன்மை பற்றியும் நம் விமானப்படைக்குத் திருப்தி இல்லை. 2018இல் இந்தியா விலகிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் எலஹங்கா கண்காட்சிக்கு எஸ்யு-57 வந்தபோது, இந்தியாவிலேயே தயாரிக்கலாம் வாருங்கள் என்று ரஷ்யா திரும்பவும் அழைத்தது. இந்த முறை கதவை முழுசாகத் திறக்கிறோம் என்கிறார்கள். நான் கண்காட்சிப் படங்களை வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனாலும் கதவு யார் வீட்டில் இருக்கிறது என்பது மாறவில்லை.

ரஷ்யாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. தேஜஸ் விமானத்தின் பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1998 மே மாதம் பொக்ரான் சோதனை நடந்தது. தடை வந்தது. மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் பெங்களூரில் உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது. என் தொழிலில் எனக்குத் தெரிந்த பெருமையான கதைகளில் இது முக்கியமானது. கோடை அப்படி எழுதிவிட முடிந்தது. இன்ஜினைச் செய்ய முடியவில்லை.

அந்த இன்ஜினின் பெயர் காவிரி. 1989இல் சுமார் 383 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்த திட்டம். எடை கூடிப்போனது, உந்துவிசை குறைந்துபோனது. 2008இல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். 2010 நவம்பரில் காவிரி கடைசியில் வானத்தைத் தொட்டது, ஆனால் நம் விமானத்தில் இல்லை; மாஸ்கோ அருகே ஒரு ரஷ்ய ஐஎல்-76 சரக்கு விமானத்தின் இறக்கையில் மாட்டிச் சோதித்தார்கள். பறக்கவைத்துச் சோதிக்கும் விமானம்கூட நம்மிடம் இருக்கவில்லை.

கடைமடைக்காரர்களுக்கு இந்தக் கதை பழகியதாகத் தெரியும். எங்கள் பக்கம் தண்ணீர் வரும்போது அதற்குக் காவிரி என்ற பெயரே இருப்பதில்லை. அடப்பாறு, முள்ளியாறு, மானங்கொண்டான் ஆறு என்று வரும். ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு என்று டிவியில் பூத்தூவுவார்கள். எங்களூரில் யாரும் அதை நம்பி நாற்றங்கால் போடமாட்டார்கள். “தொறந்தது இருக்கட்டும், இங்க எப்ப வரும்?” என்பதுதான் கேள்வி. தேஜஸ் எம்கே-1ஏ விமானத்துக்கு 2021இல் 99 அமெரிக்க இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். உடம்பு தயார், கோட் தயார், மேலே ஷட்டர் திறக்கவில்லை.

இதுவரை நான் சொன்னது சாவியை நம் கையில் வைத்துக்கொள்வது பற்றி. பத்திரத்தோடு வில்லங்கச் சான்றும் பார்க்க வேண்டும் என்பது நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும். கோடிக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரை 50 கிலோமீட்டர் சொச்சம். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருட்களைப் போட்டன. சோவியத் விமானங்கள்தான் அவை. 2000இல் இலங்கை விமானப்படை உக்ரைனிலிருந்து மிக்-27 விமானங்களை வாங்கியது. அதுவும் சோவியத் விமானம், 222 ஓட்டிய அதே ரகம். அவை போட்டது உணவில்லை. தப்பிப் படகேறி எங்கள் கரையில் இறங்கியவர்கள் சத்தத்தை வைத்தே விமானத்தின் ரகத்தைச் சொல்வார்கள் என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். நான் பத்திரிகைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டதை அவர்கள் பதுங்குகுழியில் கற்றுக்கொண்டார்கள்.

அரிசி மூட்டையோ குண்டோ, எது ஏற்றப்பட்டிருக்கிறது என்று விமானத்துக்குத் தெரியாது. விற்றவனுக்கு அந்தக் கேள்வி இல்லை, வாங்கியவன் விற்றவனைக் கைகாட்டலாம். சொந்தமாக வடித்து, சொந்த கோடில், சொந்த இன்ஜினில் பறக்கவிடும் நாட்டுக்கு அப்படிக் கைகாட்ட ஆள் கிடையாது. இதற்காகவும்தான் எனக்குச் சாவி நம் கையில் வேண்டும் என்று தோன்றுகிறது.

நம்முடைய ஐந்தாம் தலைமுறை விமானமான ஏஎம்சிஏவுக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. முதல் விமானங்கள் அமெரிக்க இன்ஜினோடுதான் பறக்கும். பிறகு பிரான்ஸின் சாஃப்ரானோடு சேர்ந்து புதிய இன்ஜின் செய்வதாகத் திட்டம். இது நீண்ட பதிகம், இன்னும் பத்து வருடமாவது பாட வேண்டியிருக்கும். அது பறக்கும் நாளில் மிஷன் கம்ப்யூட்டரில் எந்தெந்தப் பகுதி நாம் எழுதியது என்று நான் தேடித்தேடிப் படிப்பேன். ஏவச் சொல்லி உத்தரவு கொடுப்பது யார், அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பதையும் அதே பைத்தியத்தோடு படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த 50 கிலோமீட்டர் கடலில் ராத்திரி வலை விரித்துக் காத்திருக்கும் இரண்டு கரை ஆட்களுக்கும், மேலே போவது எந்த ரகம் என்பதைவிட அதுதான் முக்கியம்.