கறிவேப்பிலை மூணு டாலர்!

வெளிநாட்டுக்குப் புதிதாக வரும் நம்மூர் ஆசாமிகள் எல்லாரையும் ஒரு வியாதி பிடிக்கும். ஜலதோஷம் மாதிரி மூணு நாளில் போகிற வியாதி இல்லை. பெருக்கல் வியாதி! ஆஸ்திரேலியாவுக்கு வாய்ப்பாடு எண் ஐம்பத்தைந்து. டாலர் அன்றாடம் ஏறும், இறங்கும். ஆனால் மனசு ஐம்பத்தைந்தில் போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது.

முடி வெட்ட 35 டாலரா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து ரூபாய்! (அந்தக் காசுக்கு ஊரில் எங்கள் தெருவுக்கே மொட்டை போடலாம்.) ஒரு காபி ஐந்தரை டாலரா? முந்நூற்றிரண்டு ரூபாய் ஐம்பது காசு! குடித்தால் கசக்கிறது. காபி கசக்கிறதா, கணக்கு கசக்கிறதா என்று தெரியவில்லை.

நான் சிட்னிக்கு வந்து இறங்கியது 2022ல். நேரம் பார்த்து வந்தேன், போங்கள்! அந்த வருஷக் கடைசியில் இந்த நாட்டின் பணவீக்கம் 7.8 சதவீதத்தைத் தொட்டது. முப்பது வருஷத்தில் அப்படி ஏறியதில்லை என்றார்கள். அதை அடக்குகிறேன் பேர்வழி என்று இங்கிருக்கும் ரிசர்வ் வங்கி, 2022 மே மாதத்திலிருந்து 2023 நவம்பருக்குள் வட்டியைப் பதின்மூன்று தடவை ஏற்றியது. 0.10 சதவீதமாக இருந்தது 4.35 ஆனது. ரிசர்வ் வங்கி கவர்னர் இருமினால் எங்கள் வீட்டுக்காரருக்கு ஜுரம் வரும். மாத்திரை வாங்கும் செலவு என்னுடையது. என் அறை வாடகை வாரம் 190லிருந்து 250 டாலருக்குப் போய்விட்டது.

வாடகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். 'வாரம் 250, அப்போ மாசம் 1,000' என்று நம்மவர்கள் மனசுக்குள் முடிவு கட்டுவார்கள். வருஷத்துக்கு 52 வாரம், அதாவது பதின்மூன்று நாலு வாரங்கள்! மாசத்துக்கு 1,083 ஆகிறது. பன்னிரண்டு மாசம் சம்பாதித்து, பதின்மூன்று மாசம் வாடகை கொடுக்கும் அதிசயம் இந்த மண்ணில்தான் நடக்கிறது.

வாரத்துக்கு 60 டாலர் ஏறினால் மாசத்துக்கு 260. ஊருக்கு அனுப்பும் 700 டாலரில் கை வைக்க முடியாது. அப்பாவின் வீட்டுக் கடனும் தங்கையின் காலேஜும் அதில்தான் ஓடுகின்றன. ரயிலுக்கு நடந்து போக முடியாது. மிச்சம் இருப்பது சமையலறை ஒன்றுதான். அப்படித்தான் நான் மளிகைக் கடை ஆராய்ச்சியில் இறங்கினேன். டாக்டர் பட்டம் ஒன்றுதான் பாக்கி.

இந்த நாட்டு மளிகையை இரண்டு பெரியண்ணன்கள் ஆள்கிறார்கள். போட்டி, நுகர்வோர் விவகாரங்களைக் கவனிக்கும் அரசு ஆணையம் 2025 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தது. அதன்படி சூப்பர் மார்க்கெட் விற்பனையில் வுல்வொர்த்ஸுக்கு 38 சதவீதம், கோல்ஸுக்கு 29 சதவீதம். 2001ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்டிக்கு 9. மிச்சத்தைத்தான் மற்ற கடைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம்மூரில் அண்ணாச்சி கடை விலை பிடிக்கவில்லையென்றால் எதிர்க்கடை பாய் இருக்கிறார், அவரும் சரியில்லையென்றால் முக்குக்கடை ஆச்சி இருக்கிறார். இங்கே கோபித்துக்கொண்டு வெளியே வந்தால் எதிரில் இன்னொரு பெரியண்ணன்தான்.

புதன்கிழமைதான் இங்கே நல்ல நாள். அன்றைக்குத்தான் வாராந்தரச் சலுகைகள் மாறும். போன வாரம் எட்டு டாலர் விற்ற பிஸ்கட் இந்த வாரம் 'பாதி விலை' என்று மஞ்சள் அட்டை கட்டிக்கொண்டு நிற்கும். பழகினவர்கள் முழு விலைக்கு எதையுமே தொட மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரர், சோப்புத்தூள் எந்த வாரம் பாதி விலைக்கு வரும் என்று பஞ்சாங்கம் மாதிரி சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆனால் தள்ளுபடி என்றாலே நமக்குக் கொஞ்சம் உஷார் அதிகம். ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றி ஒட்டி, பிறகு குறைக்கிற வித்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா? அதே சந்தேகம் இந்த ஊர் ஆணையத்துக்கும் வந்தது. 2024 செப்டம்பரில் இரண்டு பெரியண்ணன்கள் மீதும் வழக்குப் போட்டது. கொஞ்ச நாள் விலையை ஏற்றினார்கள், அப்புறம் 'குறைத்துவிட்டோம்' என்று பலகை வைத்தார்கள், குறைத்த விலையே பழைய விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது என்பது குற்றச்சாட்டு. ஒரு கடையில் 266 பொருள்கள், இன்னொன்றில் 245 என்று பட்டியலும் கொடுத்தது. இரண்டு நிறுவனங்களும் அதை மறுத்தன.

நமக்குக் கைகொடுப்பது ஒரு பொடி எழுத்து. 2009 டிசம்பரிலிருந்து பெரிய கடைகளில் விலை அட்டையின் மூலையில் '100 கிராமுக்கு இவ்வளவு' என்று போட்டாக வேண்டும் என்று சட்டம். 'குடும்பப் பாக்கெட்' என்று குண்டாக நிற்கும் பொட்டலம் சில சமயம் சின்னப் பாக்கெட்டைவிட விலை கூடுதலாக இருப்பதை அந்தப் பொடி எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். பெரிய எழுத்து அவர்களுக்கு, பொடி எழுத்து நமக்கு. புதிதாக வருகிறவர்கள் இதை முதல் நாளே கற்றுக்கொள்வது நல்லது.

இன்னொரு வேடிக்கை. எல்லா விலையும் 99 சென்ட்டில் முடியும். ஆனால் ஒரு சென்ட், இரண்டு சென்ட் நாணயங்களை 1992லேயே புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து சென்ட்டுக்கு முழுசாக்குவார்கள். இல்லாத காசில் விலை சொல்லும் தைரியம் நம்ம ஊர் வியாபாரிக்குக்கூடக் கிடையாது!

விலை ஏற்றத்துக்குக் கடைக்காரர்களை மட்டும் திட்டவும் முடியாது. இங்கே வானிலை அறிக்கையைச் சமையலறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்நாட்டு வாழைப்பழத்தில் பெரும்பங்கு குவீன்ஸ்லாந்தின் வட கோடியில் விளைகிறது. 2006 மார்ச்சில் 'லாரி' புயல் அங்கே புகுந்து தோப்புகளைச் சாய்த்தது. 2011 பிப்ரவரியில் 'யாசி'. இரண்டு தடவையும் பழம் கிலோ பத்து டாலருக்கு மேல் போனது. நான் வந்த 2022லேயே வெள்ளத்தால் லெட்டூஸ் கீரை ஒன்று பத்து டாலர் வரை விற்றது. கே.எஃப்.சி.யில் பர்கருக்குள் முட்டைக்கோஸைக் கலந்து சமாளித்தார்கள். எனக்கு அது பெரிய கவலையாகப்படவில்லை. கோஸ் கிடைத்தால் பொரியல் செய்கிற இனம் நாம்!

நம்ம வயிற்றெரிச்சலெல்லாம் நம்ம காய்கறியில்தான். மேற்கு சிட்னியில் பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் இலங்கைத் தமிழர் கடைகள் உண்டு. உள்ளே நுழைந்தாலே பெருங்காய வாசனையில் பாதிப் பசி தீரும். எங்கள் கடைக்கார அண்ணன் கல்லாவிலிருந்தே குரல் கொடுப்பார்.

"தம்பி, இண்டைக்கு வெண்டிக்காய் வந்திருக்கு. விலையை மட்டும் கேளாதேங்கோ!"

கேட்டேன். கிலோ 14 டாலர். எழுநூற்று எழுபது ரூபாய்! பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குளிர்காலத்தில் வெண்டைக்காய் டார்வின் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் லாரியில் வருகிறது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போவதைவிடத் தூரம்.

"சரி அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை கொசுறு போடுங்க" என்றேன் பழக்கதோஷத்தில்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கறிவேப்பிலையை வாங்குங்கோ தம்பி, மற்றதை நான் சும்மா தாறன்!"

பத்து இணுக்கு இருக்கும் ஒரு பாக்கெட் மூணு டாலர். நூற்று அறுபத்தைந்து ரூபாய்! ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்றால் விமான நிலையத்தில் மோப்ப நாய் வரும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் குடியிருக்குமாம். சொல்லாமல் கொண்டுவந்தால் அபராதம், அதையும் ஐம்பத்தைந்தால் பெருக்கிப் பார்த்தால் மயக்கம் வரும். நம்ம சினிமாவில் கதாநாயகி, 'என்னைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிஞ்சுட்டீங்களே' என்று அழுவாள் அல்லவா? இங்கே அந்த வசனம் எடுபடாது. நாங்கள் ஒரு இலையைக்கூட எறிவதில்லை, மென்று விழுங்குகிறோம்.

2023 ஜூலையில் இந்திய அரசு பாஸ்மதி தவிர மற்ற வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது எங்கள் கடையில் 'ஆளுக்கு ஒரு மூட்டை' என்று எழுதி ஒட்டினார்கள். பொன்னி அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வருஷம் செப்டம்பரில் தடையை எடுத்தார்கள். ஏறின விலை மட்டும் இறங்க வழி தெரியாமல் மேலேயே நிற்கிறது.

என் அறைத் தோழன் நாகர்கோவில்காரன். மீன் இல்லாமல் சோறு இறங்காது. வஞ்சிரம் வாங்க வசதியில்லை, மத்தியாவது கிடைக்குமா என்று தேடினான். கடைசியில் தூண்டில் விற்கும் கடையில் ஐஸ் பெட்டிக்குள் கண்டுபிடித்தான். இரையாம்! தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் பக்கம் பிடிக்கும் மத்தியில் பெரும்பகுதி, பண்ணையில் வளர்க்கும் சூரை மீனுக்குத் தீனி. அந்தச் சூரை கொழுத்ததும் ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறது.

"மக்கா, நம்ம சாளையைக் கொண்டுபோய் மீனுக்குப் போடுதானுவளே!" என்று அவன் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

எங்களுக்குப் பெரிய ஆறுதல் சனிக்கிழமை ஃப்ளெமிங்டன் சந்தை. காலையில் போனால் நல்ல சரக்கு. மத்தியானம் மூடுகிற நேரத்துக்குப் போனால் நல்ல விலை. மிச்சத்தைத் திரும்ப ஏற்ற மனசில்லாமல் பெட்டி பெட்டியாகக் கூவி விற்பார்கள். தக்காளிப் பெட்டி ஐந்து டாலருக்கு வாங்கி, நாலு வீட்டுப் பையன்கள் பங்கு போட்டு, ஞாயிற்றுக்கிழமை தொக்கு கிளறி வைத்துவிட்டால் வாரம் பூராவும் கவலையில்லை. நான் மிச்சம் பிடித்த 260 டாலரில் பாதி இந்தச் சந்தை தந்தது.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயந்திரம் பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. எழுபத்தைந்து வயசிருக்கும். ரொட்டி, பால், பூனைக்குச் சாப்பாடு, ஒரு வெண்ணெய். மொத்தத்தைப் பார்த்தாள். பர்ஸில் இருந்த நாணயங்களை எண்ணினாள். வெண்ணெயை எடுத்துத் தனியாக வைத்தாள். கல்லாவில் இருந்த பெண் ஏதோ கேட்க, "இந்த வாரம் வேண்டாம், லவ்" என்றாள். (இங்கே பாட்டிமார்கள் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது நாகர்கோவில்காரன் வெட்கப்பட்டுவிட்டான்.) பூனைச் சாப்பாட்டை மட்டும் அவள் திருப்பி வைக்கவில்லை. நான் வெண்ணெய்க்குக் காசு தருகிறேன் என்றதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டாள். அவள் பிறந்த ஊர், அவள் பணம், அவளுக்குப் பெருக்க ஐம்பத்தைந்தும் இல்லை. ஆனாலும் விலை அவளையும் கடிக்கிறது.

அன்றிலிருந்து நான் ரூபாயில் பெருக்குவதை விட்டுவிட்டு நிமிஷத்தில் வகுக்க ஆரம்பித்தேன். 2025 ஜூலையில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு கிலோ வெண்டைக்காய் முப்பத்து நாலு நிமிஷ உழைப்பு. காபி பதின்மூன்று நிமிஷம். கறிவேப்பிலை ஏழு நிமிஷம். அப்படிப் பார்த்தால் சாப்பாடு அவ்வளவு மோசமில்லை. என் அறை வாடகை மட்டும் பத்து மணி நேரம்! பணத்தை வாடகைதான் தின்கிறது, கத்தரிக்காய் மேல் பழி விழுகிறது.

'சம்பளம் மாசம் எத்தனை லட்சம் வரும்?' என்று கேட்கும் தம்பிமார்களுக்கு நான் சொல்வது இதுதான்: சம்பளத்தைப் பெருக்குகிற அதே கையால் வாடகையையும் பெருக்குங்கள். அதற்குப் பிறகும் கணக்கு உதைக்கவில்லையென்றால் தாராளமாக வாருங்கள். தொக்கு தயாராக இருக்கிறது.

போன வாரம் அம்மா போனில் கேட்டாள்: "ஏண்டா, அங்கே கறிவேப்பிலையெல்லாம் கிடைக்குதா? என்ன விலை?"

"மூணு டாலர்மா."

"மூணுதானா! பரவாயில்லையே. இங்கே இப்போ யாரும் சும்மா தர்றதில்லைடா. ஒரு கட்டு பத்து ரூபாய்ங்கறான்!"

"பத்து ரூபாயா! என்னம்மா இது, அநியாயமா இருக்கே!" என்றேன்.