யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை நோக்கியிருக்கும் கணியம்பாடியில், பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களின் பேச்சுக்குச் சிறிது நேரம் செவி கொடுப்பவருக்கு, மனிதன் எதற்காகச் சிரிக்கிறான் என்ற வினாவைக் காட்டிலும் யாரோடு சிரிக்கிறான் என்ற வினாவே பெரியது என்பது விளங்கிவிடும். “இன்னா மாமா, மீசைக்கு மை தடவிக்கினு எங்க கெளம்பிட்டே?” என்று ஓர் இளைஞன் கேட்கிறான், “உங்க அக்காவை ரெண்டாந்தாரமா கேக்கத்தாண்டா” என்று அந்தப் பெரியவர் பதில் கூறுகிறார், சுற்றி நின்றவர் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். இதில் ஹாஸ்ய ரசம் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. பல தலைமுறைகளாகப் புழங்கித் தேய்ந்த பரிகாசமே இது. ஆனால் இதே வார்த்தையைச் சித்தப்பன் முறையாகும் ஒருவர் வாய்தவறிச் சொல்லியிருப்பாரேயானால், அங்கே சிரிப்புக்குப் பதிலாக அடிதடி நடந்திருக்கும்.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவில் நேசமும் இருக்கிறது, மனஸ்தாபத்திற்கான விதையும் இருக்கிறது. சீர்வரிசையில் குறை, பந்தியில் மரியாதைக் குறைவு, பெண்ணைப் பிறந்தகத்துக்கு அனுப்பாமை என்று எத்தனையோ காரணங்களால் எந்த நேரத்திலும் முறிந்துவிடக்கூடிய அந்தச் சம்பந்தத்தை, மாமன் மச்சான் கேலியே சேதமின்றிக் காப்பாற்றி வருகிறது. மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உலகின் பல குடிகளிடையே வழங்கும் இத்தகைய உரிமைக் கேலியை ஆராய்ந்து, பகை மூளக்கூடிய இடத்தில் அவமரியாதையையே ஒரு விளையாட்டாக அனுமதித்துச் சமுதாயம் சமாதானத்தை நிலைநாட்டுகிறது என்ற கருத்தை வெளியிட்டார். மஞ்சள் நீராட்டின்போது மாமன் மகன்மேல் ஒரு குடம் நீரைக் கொட்டும் நம் பெண்களுக்கு இது புதிய செய்தியன்று.

கடைவீதிகளிலும் பொது இடங்களிலும் மக்கள் சிரித்த 1,200 சந்தர்ப்பங்களைக் குறித்துக்கொண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவின், அவற்றுள் நகைச்சுவை என்று கொள்ளத்தக்க பேச்சைத் தொடர்ந்து எழுந்தவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே என்று கண்டார். தனித்திருக்கும் மனிதனைவிடக் கூட்டத்திலிருப்பவன் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறான் என்பதும் அவருடைய முடிவு. தனியாகச் சிரிப்பவனைப் பைத்தியம் என்று சொல்லும் நம் ஊர்க் கிழவிகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள் அல்லர்.

இந்தச் சிரிப்பு உரிமை உறவுமுறைக்கும் அந்தஸ்துக்கும் கட்டுப்பட்டதாகையால், கட்டுப்பாடு முழுவதையும் ஓரிரவுக்குத் தளர்த்திவிட ஒருவன் வேண்டியிருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில், பகலில் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகக் கதை வளர்ந்து செல்லும்போது, கட்டியக்காரன் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறான். கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்த துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று கம்பீரமாகப் பாட, இவன் மட்டும் கொச்சைத் தமிழில், “யார்யா நீ? ரேஷன் அட்டை இருக்குதா?” என்ற தோரணையில் விசாரிக்கிறான். வாயிற்காவலனும் இவனே, தூதனும் இவனே, தேவைப்பட்டால் தோழிப் பெண்ணும் இவனே. எந்தப் பாத்திரத்திலும் முழுதாகத் தங்காதவன் என்பதனாலேயே எவரையும் எள்ளி நகையாடும் சலுகை இவனுக்குக் கிடைத்திருக்கிறது. சிரிப்பவனுக்கு அந்த நேரத்தில் இரக்கம் இராது என்று 1900-இல் எழுதிய பிரெஞ்சுத் தத்துவ ஞானி பெர்க்சன் ஒரு தெருக்கூத்தையாவது விடியும்வரை பார்த்திருந்தால், துகில் உரியும் கட்டத்திற்குச் சற்று முன்பு வரை வயிறு குலுங்கச் சிரித்த அதே கூட்டம் அடுத்த நாழிகையில் கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கண்டு, தம் கொள்கையை ஓரளவேனும் திருத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கதையே ஒரு சிரிப்பில் மூண்ட கதை. மயன் சமைத்த மண்டபத்தில் தடாகத்தைத் தரையென்று எண்ணித் துரியோதனன் விழுந்தபோது பீமனும் அவன் தம்பியரும் பணியாட்களும் நகைத்ததாகவே வியாசர் அந்த இடத்தில் விவரிக்கிறார். ஊர் வழக்கிலோ சிரித்தவள் திரௌபதி ஒருத்திதான். வீட்டுக்கு வந்த மருமகள் கொழுந்தன் முறையானவனைப் பார்த்து, அவன் அரசன் என்றும் பாராமல், பலர் முன்னிலையில் சிரித்துவிட்டாள் என்பதே குற்றமாகிறது. ‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்ற பழமொழியைப் படைத்த சமுதாயம், பதினெட்டு நாள் யுத்தத்தின் பழியையும் ஒரு பெண்ணின் பல்வரிசைமேல் போட்டுவிட்டது. இதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கட்டியக்காரன் அந்தத் தடாகத்து வழுக்கலை நடித்துக் காட்டும்போது மிகுந்து கேட்பது பெண்கள் பக்கத்துச் சிரிப்புத்தான். மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் அமர்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொள்ளவும் மறந்து சிரிக்கிறார்கள். அடுத்தபடியாக அவன், முன்வரிசை நாற்காலியில் வீற்றிருக்கும் ஊர்ப் பிரமுகரை நோக்கித் திரும்பி, அவர் கொடுத்த நூறு ரூபாய் அன்பளிப்பைப் புகழ்ந்துகொண்டே அவருடைய தொந்தியையும் இரண்டு வார்த்தை விசாரிப்பான். அவரும் சிரித்துத்தான் ஆகவேண்டும். முகத்தைச் சுளித்தாரானால், தீமிதி முடிந்த பிறகும் ஊரார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.